'இருள்' என்று எழுதாமல் அப்பாவின் கண்ணை எழுதுவது

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. உங்கள் அப்பா 30 வருடம் பேருந்து ஓட்டியவர். சர்க்கரையால் விழித்திரை கெட்டு, இரண்டு வருடமாகப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. அதைக் கவிதையாக எழுதப் பார்க்கிறீர்கள்; எதை எழுதினாலும் வாழ்த்து அட்டை வாசகம் மாதிரி வந்து நிற்கிறது. பெற்றவர்களின் பார்வை போவதைப் பற்றித் தமிழில் முன்பே எழுதியிருக்கிறார்களா, எப்படி எழுதினார்கள் என்று தெரியவேண்டும். கூடவே நாலு வரி அனுப்பியிருக்கிறீர்கள்:

என் உலகிற்கு
ஒளியேற்றிய விழிகளே,
இன்று உங்களுக்குள்
இருள் ஏற்றியவர் யார்?

முதலில் இந்த நாலு வரியைப் பேசிவிடலாம். வருத்தம் உண்மையானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இது யாருடைய அப்பாவுக்கும் பொருந்தும். உங்கள் அப்பா இதில் இல்லை. பேருந்து இல்லை, சர்க்கரை இல்லை, இரண்டு வருடம் இல்லை. ஆனால் கேள்வியின் நடுவே, போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "எப்படிப்பா தெரியுதுன்னு கேட்டா, மழைல வைப்பர் ஓடாத கண்ணாடி மாதிரி இருக்குங்கிறார்." அதை எழுதிவிட்டு, கவிதைக்குள் வரும்போது வாசலிலேயே விட்டுவிட்டீர்கள். கவிதை அங்கேதான் நிற்கிறது. அதைச் சொன்னவர் நீங்கள் கூட இல்லை, அவர்.

'இருள்' என்ற சொல்லைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். அது தேய்ந்த சொல் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அது பெரும்பாலும் பொய். முதுமையில் பார்வை போகிறவர்களில் பலருக்கு இருட்டு வருவதில்லை. கண்புரை என்றால் எல்லாம் பனி மூடினாற்போல ஆகும், நிறங்கள் மங்கிப் பழுப்பேறும், எதிரே வருகிற வண்டியின் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும். இருட்டைவிட வெளிச்சம்தான் அங்கே தொல்லை. கண் நீர் அழுத்தத்தில் ஓரங்கள் முதலில் போகும். நேரே பார்ப்பது தெரியும், பக்கத்தில் இருக்கிற தூண் தெரியாது. விழித்திரையின் நடுப்புள்ளி கெட்டால் நேர்மாறு: கதவு தெரியும், சன்னல் தெரியும், எதிரே நிற்கிற மகனின் முகம் மட்டும் அழிந்திருக்கும். உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பதில் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து புள்ளிகளாக, நூல்களாக, ஒட்டடையாக மிதக்கும். ஒரு நாள் தெளிவாக இருக்கும், மறுநாள் மோசமாகும். நாலு பேர் வீட்டிலும் நாலு விதமான இழப்பு. நாலு பேரும் 'இருள்' என்றே எழுதினால் எப்படி?

நம் ஊர்ச் சொற்கள் இதில் நம்மைவிடக் கவனமானவை. நாற்பது வயதில் கிட்டத்துப் பார்வை மங்குவதற்கு 'வெள்ளெழுத்து' என்று பெயர். எழுத்து வெளுத்துப் போகிறதாம், கண்ணுக்கு ஒன்றும் இல்லையாம்! பழியைத் தாளின் மேல் போடுகிற அந்த வயதின் குணம் முழுதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அந்தி சாய்ந்தால் தெரியாமல் போவது மாலைக்கண். கருவிழியில் வெள்ளை படிந்தால் 'கண்ணில் பூ விழுந்திருக்கிறது' என்பார்கள். இவற்றைக் கவிதைக்குள் அப்படியே கொண்டுபோய் ஒட்டச் சொல்லவில்லை. சாதாரண ஜனங்கள் 'இருள்' என்ற ஒற்றைச் சொல்லோடு திருப்தியடையவில்லை என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

சரி, தமிழில் யார் எழுதினார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். நான் எப்போதும் முதலில் எடுப்பது குறுந்தொகையின் 44வது பாட்டு. வெள்ளிவீதியார் எழுதியது. மொத்தமே நாலு அடி.

காலே பரிதப் பினவே, கண்ணே
நோக்கி நோக்கி வாள்இழந் தனவே;
அகல்இரு விசும்பின் மீனினும்
பலரே மன்றஇவ் வுலகத்துப் பிறரே.

பேசுகிறவள் செவிலித்தாய். பெற்றவள் இல்லை, வளர்த்தவள். பெண் தான் விரும்பியவனோடு ஊரைவிட்டுப் போய்விட்டாள். இவள் பாலை வழியில் தேடிப் போகிறாள். கால்கள் நடை தடுமாறின. கண்கள் பார்த்துப் பார்த்து ஒளி இழந்தன. அகன்ற வானத்து மீன்களைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள் இந்த உலகத்தில், பிறர். அவ்வளவுதான் பாட்டு. மகள் என்ற சொல்லே இதில் கிடையாது.

'நோக்கி நோக்கி' என்ற அடுக்கில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நோயோ முதுமையோ கண்ணைக் கெடுத்ததாக அவள் சொல்லவில்லை. பார்த்ததுதான் கெடுத்தது. தூரத்தில் ஒரு ஜோடி வருகிறது, அவளாக இருக்குமோ என்று கண்ணை இடுக்கிப் பார்க்கிறாள், இல்லை. அடுத்த ஜோடி, இல்லை. ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு துளி ஒளி செலவாகிறது. கத்தியைத் தீட்டித் தீட்டித் தேய்ப்பதுபோலப் பார்த்தே தேய்ந்த கண். 'வாள்' என்றால் இங்கே ஒளி, ஆனால் படிக்கிற காதில் அந்த இன்னொரு வாளும் ஒரு கணம் மின்னிவிட்டுத்தான் போகிறது. வள்ளுவரும் இதே சொல்லை எடுக்கிறார்: "வாளற்றுப் புற்கென்ற கண்ணும் அவர்சென்ற நாளொற்றித் தேய்ந்த விரல்." அங்கே காத்திருப்பவள் காதலி. கண் போகிறது, அவன் போன நாட்களைத் தொட்டுத் தொட்டு எண்ணி விரல் தேய்கிறது. பார்வை போகிற இடத்துக்கு விரல் வந்து சேர்கிறது பாருங்கள். பார்வை இழந்தவர்கள் இருக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குறள் வேறு விதமாகக் கேட்கும்.

அப்புறம் அந்தக் கடைசி அடி. உலகத்தில் ஆட்களுக்குக் குறைவே இல்லை, வானத்து மீன் மாதிரி கொட்டிக் கிடக்கிறார்கள். அத்தனை பேரும் 'பிறர்'. ஒளி இழந்த கண்ணைச் சொன்ன அடுத்த மூச்சில் நட்சத்திரங்களைக் கொண்டுவருவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் எழுதியவர் 'இருள்' என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. வெளிச்சப் புள்ளிகளால் வானத்தை நிறைத்துவிட்டு, அதில் ஒன்றுகூட இவளுக்கு உதவாது என்கிறார்.

இதே வெள்ளிவீதியார்தான் 58வது பாட்டில், வெயில் காய்கிற பாறையில் வைத்த வெண்ணெயைக் கையில்லாத ஊமை ஒருவன் கண்ணால் மட்டும் காவல் காப்பதைச் சொன்னவர். வெண்ணெய் உருகுகிறது, எடுக்கக் கையில்லை, கூப்பிடக் குரலில்லை, பார்க்கத்தான் முடியும். அங்கே கண் மட்டும் மிச்சம், மற்றதெல்லாம் இல்லை. இங்கே அந்தக் கண்ணும் போகிறது. இரண்டையும் ஒரே உட்காரலில் படித்துப் பாருங்கள்.

பிள்ளை போன பக்கம் பார்வையும் போய்விட்டது என்பது நம் பக்கத்துக் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. வால்மீகியில் இராமன் காட்டுக்குப் போன பிறகு தசரதன் கோசலையிடம் சொல்கிறான்: உன்னை என்னால் பார்க்க முடியவில்லை, கையால் தொடு, இராமன் பின்னால் போன என் பார்வை இன்னும் திரும்பி வரவில்லை. இதைச் சொல்கிறவன் யார் என்று நினைத்தால்தான் முழு அடியும் விழும். இளவயதில் இருட்டில் ஒலி கேட்ட திசையில் அம்பு விட்டவன். யானை நீர் குடிக்கிறது என்று நினைத்தான். குடம் நிரம்புகிற சத்தம் அது. கண்ணிழந்த தாய் தந்தைக்குத் தண்ணீர் மொள்ள வந்த பையன் செத்துப்போனான். தசரதன் தண்ணீரோடு அவர்களிடம் போகும்போது, காலடிச் சத்தத்தைக் கேட்டு மகன்தான் வந்துவிட்டான் என்று நினைத்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிறார் அந்தத் தகப்பன். கண்ணில்லாத எங்களுக்கு நீதானே கண் என்கிறார். கம்பனும் இந்தக் கதையை நகர் நீங்கு படலத்தில் வைத்திருக்கிறான். பார்க்காமல் சுடுகிற வித்தையில் கெட்டிக்காரனாக இருந்தவன், கடைசியில் மனைவி முகம் தெரியாமல் 'தொடு' என்று கேட்கிறான்.

திருக்குர்ஆனின் 12வது அத்தியாயத்தில் யாகூப் நபிக்கும் இதுதான். மகன் யூசுஃபை நினைத்த துயரத்தில் கண்கள் வெளுத்துப் போயின. கறுத்தன என்று இல்லை, வெளுத்தன. பிற்பாடு எகிப்திலிருந்து மகனுடைய சட்டை வருகிறது. அது வந்து சேரும் முன்பே தகப்பனுக்கு வாசனை தெரிந்துவிடுகிறது. சட்டையை முகத்தில் போட்டதும் பார்வை திரும்புகிறது. அற்புதத்தை விட்டுவிடுங்கள். மகனின் சட்டை வாசனை என்ற இடம் இருக்கிறதே, அதை எந்த அப்பாவின் மகனும் மகளும் சும்மா தாண்ட முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் பிள்ளை ஏக்கத்தில் போன கண். உங்களுக்கு வேண்டியது அது இல்லை என்று சொல்வீர்கள். சாதாரணமாக, வயதாகி, வீட்டு மூலையில் போகிற கண் வேண்டும். அதற்குப் புறநானூறு 159. குமணன் என்ற வள்ளலிடம் பரிசில் கேட்டுப் பெருஞ்சித்திரனார் பாடியது. பரிசில் பாட்டு என்பதால் பலர் இதை வறுமைக்கு உதாரணமாகப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு இது அம்மாவைப் பற்றி ஒரு மகன் எழுதிய பாட்டு. தொடக்கம் இப்படி:

வாழும் நாளோடு யாண்டுபல உண்மையின்
தீர்தல்செல் லாதுஎன் உயிர்எனப் பலபுலந்து
கோல்கால் ஆகக் குறும்பல ஒதுங்கி
நூல்விரித் தன்ன கதுப்பினள் கண்துயின்று
முன்றில் போகா முதிர்வினள் யாயும்

இத்தனை வருடம் ஆகியும் என் உயிர் தீரமாட்டேன் என்கிறதே என்று பலவாறு நொந்துகொண்டு, கோலே காலாக, சின்னச் சின்ன அடியாகப் பல அடி வைத்து, நூலை விரித்துப் போட்டது போன்ற கூந்தலோடு, கண் துயின்று, வீட்டு முற்றம் வரைகூடப் போகாத முதுமை.

'கண் துயின்று' என்பதற்குப் பார்வை மறைந்து என்று பொருள் சொல்வார்கள். பொருள் அதுதான், ஆனால் மகன் தேர்ந்தெடுத்த சொல்லைப் பாருங்கள். கண் அவிந்தது என்று சொல்லவில்லை, குருடு என்று சொல்லவில்லை. இதே புறநானூற்றின் 28வது பாட்டில் பார்வையின்மைக்குச் 'சிதடு' என்ற கடுமையான சொல் இருக்கிறது. அது இவருக்கும் தெரிந்திருக்கும். அம்மாவின் கண்ணுக்கு அதைப் போட மனம் வரவில்லை. தூங்குகிறது என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அதைவிடப் பெரியது அடுத்த இரண்டு சொல். முன்றில் போகா. பார்வை போனதை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் வீட்டு முற்றம். எவ்வளவு தெரியவில்லை என்று கேட்டால், முற்றத்துக்குப் போவதில்லை என்பது பதில். ஒரு மனுஷியின் உலகம் எங்கே வந்து சுருங்கி நின்றது என்பதை ஒரு அடையாளம் வைத்துக் காட்டிவிடுகிறார். உங்கள் அப்பாவின் முன்றில் எது? தெருமுனை டீக்கடையா, பேருந்து நிலையமா, மாடிப்படியா? போன தீபாவளிக்கு எங்கே வரை போனார், இந்தத் தீபாவளிக்கு எங்கே நின்றார்? அதை எழுதினால் போதும், கண்ணைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம்.

இன்னொன்று. அந்த ஐந்து அடியில் அம்மா தன் வாயாலேயே பேசுகிறாள், புலம்புகிறாள், சலித்துக்கொள்கிறாள். மகன் அவளைப் படம் மாதிரி சுவரில் மாட்டி மாலை போடவில்லை. பாட்டின் முடிவில் கொல்யானையே கொடுத்தாலும் மனமில்லாமல் தந்தால் வாங்கமாட்டேன், மகிழ்ந்து கொடுத்தால் குன்றிமணி அளவானாலும் போதும் என்கிறார். குப்பைக் கீரையை உப்பில்லாமல் வேகவைத்துத் தின்கிற வீட்டிலிருந்து வரும் பேச்சு இது. இரக்கம் வேறு, பரிதாபம் வேறு என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நாலடியாரில் ஒரு சாமர்த்தியமான இடம் உண்டு, இளமை நிலையாமை அதிகாரத்தில். வேல் போன்ற கண்ணாள் என்று இவளை விரும்பாதீர்கள். "கோற்கண்ணள் ஆகும் குனிந்து". வேற்கண் போய்க் கோற்கண், கோலே கண்ணாகிவிடும் என்கிறது. பெருஞ்சித்திரனாரின் அம்மாவுக்குக் கோல் கால். இங்கே கோல் கண். அழகான சொல்லாட்சி, சந்தேகமில்லை. ஆனால் எனக்கு இதில் ஒட்டுதல் வரவில்லை. கிழவியை உதாரணமாகக் காட்டி இளைஞனைப் பயமுறுத்துகிற பாட்டு இது. அவளுக்கு இதில் பிள்ளைகள் இல்லை, வீடு இல்லை. அதே அதிகாரத்தில் இன்னொரு பாட்டில், ஒருத்தி கையில் பிடித்திருக்கிற கோல் அவளுடைய அம்மா பிடித்திருந்த கோல் என்று வருகிறது: "தன்கைக்கோல் அம்மனைக்கோல் ஆகிய ஞான்று". பாடியவருக்கு அதிலும் உபதேசம்தான் நோக்கம், ஆனால் அம்மாவின் கோல் மகள் கைக்கு வந்த அந்த ஒரு காட்சி உபதேசத்தைத் தாண்டிப் போய்விடுகிறது.

கோபத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் வரிகளில் அது இல்லை. 'யார் ஏற்றினார்' என்று பொதுவாக வானத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள். சுந்தரர் அப்படிக் கேட்கவில்லை. மணந்த சங்கிலியாரிடம் திருவொற்றியூரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து, அதை மீறிப் புறப்பட்டதும் இரண்டு கண்ணும் போயின. காஞ்சியில் இடக்கண் வந்தது. திருவாரூர் வந்து மிச்சக் கண்ணைச் சிவனிடம் கேட்கிறார். எப்படிக் கேட்கிறார்?

விற்றுக்கொள்வீர், ஒற்றி அல்லேன், விரும்பி ஆட்பட்டேன்,
குற்றம் ஒன்றும் செய்ததில்லை, கொத்தை ஆக்கினீர்,
எற்றுக்கு அடிகேள் என்கண் கொண்டீர்? நீரே பழிப்பட்டீர்;
மற்றைக் கண்தான் தாராதொழிந்தால் வாழ்ந்து போதீரே.

என்னைக் குருடாக்கினீர், பழி உமக்குத்தான், இன்னொரு கண்ணையும் தராவிட்டால் நன்றாக வாழ்ந்து போம்! தெருவில் நின்று சண்டை போடுகிற குரல். குற்றமே செய்யவில்லை என்று சாதிக்கிறார் பாருங்கள், சத்தியத்தை மீறிவிட்டு. இது கண் இழந்தவரே பாடியது, பிள்ளை பாடியது இல்லை. ஆனால் இந்தக் குரல் உங்கள் வீட்டிலும் இருக்கும். சர்க்கரை இருந்தும் இனிப்பை விடாத அப்பா, மாத்திரையை மறந்த அப்பா, கண்ணைக் காட்ட வருடத்துக்கு ஒரு முறை வரச்சொன்னால் தள்ளிப்போட்ட அப்பா, 'நான் ஒண்ணும் செய்யலையே' என்று சாதிப்பார். உங்களுக்கு அவர்மேல் கோபம் இருக்கும். எழுதுங்கள். பாசத்தை மட்டும் எழுதினால் படிக்கிறவன் நம்பமாட்டான்.

இனி என் கதை கொஞ்சம். எனக்கு இதையெல்லாம் தேடிப் படிக்கவைத்தது அம்மா. வீட்டில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்தவர். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டபோது எனக்குப் பதினைந்து வயது. அது வெறும் வெள்ளெழுத்து. நிஜமானது பின்னால் வந்தது. கதவு நிலையில் தோள் இடிப்பார், பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார், 'கவனமே இல்லை' என்று நாங்கள் திட்டுவோம். முதலில் காட்டிய இடத்தில் கண்ணாடியின் பவரை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கண் நீர் அழுத்தம் என்று தெரிந்தபோது ஓரங்கள் போயிருந்தன. அதில் போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றத்தான். கவனமில்லை என்று திட்டிய அந்த இரண்டு வருடத்தை என்னால் இன்னும் எழுத முடியவில்லை.

எழுத முடிந்தவை சின்ன விஷயங்கள். சோற்றில் கல் கிடந்தால் அவர் எதிரில் துப்பாமல் விழுங்கக் கற்றுக்கொண்டோம். கடித்த சத்தம் அவருக்குக் கேட்டுவிடும் என்பதால் மெல்லுவதையே மெதுவாக்கினோம். ரூபாய் நோட்டு இன்னொன்று. இப்போதைய 100, 200, 500 ரூபாய் நோட்டுகள் மூன்றும் ஒரே அகலம், 66 மில்லிமீட்டர். நீளம் 142, 146, 150. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நாலே மில்லிமீட்டர் வித்தியாசம். பார்வையில்லாதவர்களுக்காக ரிசர்வ் வங்கி 2020இல் 'மணி' என்று ஒரு செயலி விட்டது, கேமராவில் காட்டினால் எவ்வளவு என்று சொல்லும். அம்மாவுக்கு அது ஒத்துவரவில்லை. நூறை ஒரு மடிப்பு, இருநூறை நீளவாட்டில், ஐநூறை ஒரு முனை மடக்கி வைப்பார். சரிபார்க்க வேண்டுமென்றால் விரல் கணுவில் வைத்து அளப்பார். நாற்பது வருடம் நாடா பிடித்த கை. நாலு மில்லிமீட்டர் அந்தக் கைக்குப் பெரிய விஷயமே இல்லை. ஒருநாள் என் தோளைத் தடவிவிட்டு, "அரை இஞ்ச் இறங்கியிருக்கே, ராத்திரி சாப்பிடறதில்லையா?" என்றார். அந்த அரை இஞ்சை நான் கவிதையில் வைத்தேன், வேறு எதையும் அதன்மேல் பூசவில்லை.

எழுதும்போது நான் தாமதமாகக் கண்டுபிடித்த ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பெற்றவர்களை நேராகப் பார்ப்பதே இல்லை. அவர்கள்தான் நம்மைப் பார்ப்பார்கள், நாம் கண்ணைத் தாழ்த்திக்கொள்வோம், இல்லை செல்போனைப் பார்ப்போம். அம்மாவுக்குப் பார்வை போன பிறகுதான் அவர் முகத்தை முழுதாக, நேரம் எடுத்துப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருப்பது எனக்கு 43 வயதில்தான் தெரியும். அவர் திருப்பிப் பார்க்கமாட்டார் என்ற தைரியத்தில் பார்த்தேன், அது கொஞ்சம் திருட்டுத்தனம். கண் போனவரைப் பற்றிய கவிதை எல்லாவற்றிலும் இந்தத் திருட்டு இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளும் கவிதைகள் பிழைக்கின்றன என்பது என் எண்ணம்.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். ஓட்டுநருக்குப் பார்வை போவது தையல்காரருக்குப் போவது மாதிரி இல்லை. அறுபது பேர் உயிரை அந்தக் கண்ணில் வைத்துக்கொண்டு ராத்திரிச் சாலையில் போனவர். கவனித்துப் பாருங்கள், ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால் அவர் வலது கால் என்ன செய்கிறது? எதிரே ஹாரன் கேட்டால் என்ன வண்டி என்று சொல்கிறாரா? ரோட்டின் குலுக்கலை வைத்து எந்த ஊர் தாண்டுகிறது என்று சொல்கிறாரா? கேட்டு எழுதுங்கள். உங்கள் பொருளை வைத்து நான் ஒரு கோடு போட்டுக் காட்டுகிறேன்; இது கவிதை இல்லை, எந்தப் பக்கம் போகலாம் என்பதற்கு மட்டும்:

மழை நின்று ஒரு மணி நேரம் ஆயிற்று.
அப்பாவின் கண்ணாடியில் மட்டும்
இன்னும் பெய்கிறது.
வைப்பர் போடு என்கிறார் சிரித்துக்கொண்டு.
ஆட்டோ திரும்புகிறது.
அவர் வலது கால்
தரையை அழுத்துகிறது.

இதில் 'கண்' என்று தனியாக ஒரு சொல் இல்லை, 'இருள்' இல்லை, 'பாசம்' இல்லை. அவர் சொன்ன உவமையும் அவர் கால் செய்த வேலையும்தான். 'சிரித்துக்கொண்டு' என்பது உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாவிட்டால் எடுத்துவிடுங்கள். 'எரிச்சலோடு' என்பதுதான் உண்மை என்றால் அதைப் போடுங்கள். கடைசி வரிக்குப் பிறகு ஒரு வரி சேர்த்து விளக்க உங்களுக்குக் கை துறுதுறுக்கும். எழுதி, மறுநாள் அடித்துவிடுங்கள்.

வடிவம் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இந்தக் கவிதையை உங்கள் அப்பாவால் படிக்க முடியாது. நீங்கள்தான் வாசித்துக் காட்டவேண்டும். ஆகவே தாளில் அழகாகத் தெரிகிற தந்திரங்கள், ஒரு சொல்லை இறக்கி எழுதுவது, இடம் விடுவது எல்லாம் அவருக்குப் போய்ச் சேராது. காதுக்கு எழுதுங்கள். மோனையும் எதுகையும் செவிக்காக வந்தவை. 'நோக்கி நோக்கி' என்று இரண்டு தடவை சொன்னவருக்கு அது தெரிந்திருந்தது. எழுதிய ஒவ்வொரு முறையும் சத்தமாகப் படித்துப் பாருங்கள். வாசிக்கவே தயக்கமாக இருக்கிற வரி பெரும்பாலும் ஒன்று பொய்யாக இருக்கும், இல்லையென்றால் ரொம்ப உண்மையாக இருக்கும். எது என்று உங்களுக்கே தெரியும்.

நான் என் கவிதையை அம்மாவுக்கு ஒரு சாயங்காலம் வாசித்துக் காட்டினேன். தெருவில் வரும்போதே என் செருப்புச் சத்தத்தை வைத்து அவர் என்னைக் கண்டுகொள்கிறார் என்று அதில் பெருமையாக எழுதியிருந்தேன். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செருப்புச் சத்தமெல்லாம் இல்லடா. வாசல்ல வந்து நின்னதும் சாவியக் குலுக்குவே. சின்ன வயசுல சைக்கிள் சாவி, இப்ப பைக் சாவி. அத வச்சுத்தான்" என்றார். நான் சாவியைக் குலுக்குகிறவன் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. எழுந்து உள்ளே போகும்போது, "அந்த ஐநூறு ரூபாய முனை மடக்கி வைக்கிறத எதுக்கு எழுதுன? நாளைக்குக் காய்க்காரன் படிச்சான்னா?" என்றார்.

சாவியை மாற்றி எழுதினேன். ஐநூறு ரூபாயை எடுக்கவில்லை.